பின்னால் வரும் பாரம்

வண்டியோட்டுதல் ஒரு கலை. பின்னால் மற்றொன்றைப் பூட்டி இழுத்துக்கொண்டு ஓட்டுதல் வேறொரு கலை. இரண்டும் ஒன்றே என எண்ணியிருந்த என் அறியாமை, 2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் ஆஸ்திரேலிய நெடுஞ்சாலையொன்றில் அகன்றது.

பெர்த் நகரில் குடியேறிய என் தம்பி லாரிப் பட்டறையில் பணிபுரிபவன். உண்ணவும் உறங்கவும் வசதியமைந்த பழைய மோட்டார் ஹோம் ஒன்று அவனிடம் உண்டு. அதில் குடும்பத்தோடு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆல்பனிக்குப் புறப்பட்டோம். உள்ளே இடம் போதாமையால், ஓரச்சு டிரெய்லர் ஒன்றும் பின்னால் பூட்டப்பட்டது. கூடாரம், மிதிவண்டிகள் ஆகியவற்றோடு, ஆல்பனியில் வாழும் நண்பரின் பிள்ளைகளுக்காக நான் முன்பே கப்பலில் அனுப்பியிருந்த தமிழ்ப் புத்தகப் பெட்டிகள் ஆறும் அதில் ஏறின. ஒவ்வொரு பெட்டியும் 20 கிலோவுக்குக் குறையாது.

தம்பி தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டின்மேல் இணைப்பு பூட்டிக்கொண்டதா? இணைப்புக் கழன்றாலும் இழுதண்டு தரையில் மோதாதபடி, இரு சங்கிலிகளும் அடியில் குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா? விளக்குகள் எரிகின்றனவா? டயர்களில் காற்று, சக்கரத் திருகுகள் எல்லாம் சரிதானா? தோட்டத்து டிராக்டரும் டிரெய்லரும் பார்த்து வளர்ந்த எனக்கு இவையெல்லாம் வீண் சடங்காகவே தோன்றின.

அவன் குளிக்கச் சென்ற வேளையில் நான் ஒரு காரியம் செய்தேன். அச்சுக்குச் சற்று முன்னே அவன் அடுக்கியிருந்த புத்தகப் பெட்டிகளைப் பின்கதவோரம் மாற்றி வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் முதலில் இறக்க எளிதாக இருக்குமன்றோ!

வில்லியம்ஸ் என்னும் சிற்றூரைக் கடந்து இறக்கத்தில் சென்றுகொண்டிருந்தோம். பெரிய சரக்கு லாரியொன்று எங்களை முந்தியது. அதன் காற்று மோதிய மறுகணம், டிரெய்லர் பாம்பின் வால்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாயிற்று. எங்கள் வண்டியே அதனோடு சேர்ந்து அசைந்தது. பிள்ளைகள் அலறினார்கள்.

“பிரேக்கை அழுத்து!” என்று நான் கத்தினேன்.

தம்பி அழுத்தவில்லை. முடுக்கியிலிருந்து காலை எடுத்தான். சுழற்சக்கரத்தைத் திருப்பாமல் நேராகப் பற்றிக்கொண்டான். வேகம் மெல்லக் குறைய, ஆட்டமும் அடங்கியது. சாலையோரம் நிறுத்திவிட்டுச் சென்று டிரெய்லரின் பின்கதவைத் திறந்தான்.

“இந்தப் பெட்டிகளை யார் இங்கே வைத்தது?”

பிள்ளைகளும் இறங்கி வந்து நின்றார்கள். தவறு செய்த மாணவனை எழுந்து நின்று ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பழகியவன் நான். அன்று என் நா எழவில்லை. தம்பி மகள் என் முகத்தையே பார்த்தாள் என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் அவள் தன் தந்தையின் முகத்தையே பார்த்தாள். பழி தன்மீது விழுமோ என்ற அச்சம் அவள் கண்களில் தெரிந்தது. அதைக் கண்டபின் என்னால் வாளாவிருக்க இயலவில்லை.

“நான்தான், தம்பி,” என்றேன்.

அவன் சினக்கவில்லை. “அண்ணே, டிரெய்லரின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த இணைப்பின்மேல் அழுந்த வேண்டும். 600 கிலோ என்றால் 60 கிலோ. பின்பக்கம் கனத்தால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பிறகு சிறு காற்றும் அதை ஆட்டிவிடும். மோட்டார் ஹோமின் உடல் பின்சக்கரங்களைத் தாண்டி நீண்டிருப்பதால், அந்த ஆட்டம் நெம்புகோல்போல் நம் வண்டியையும் திருப்பும்,” என்றான்.

பிரேக்கைப் பற்றியும் கேட்டேன். 750 கிலோவுக்கு உட்பட்ட இத்தகைய டிரெய்லருக்கு அந்நாட்டில் தனிப் பிரேக் கட்டாயமில்லை, எங்களுடையதில் இல்லை. முன்வண்டி திடீரென நின்றால், பின்வண்டி தன் வேகத்தில் தள்ளும். இரண்டும் முழங்கைபோல் மடிந்து கவிழ நேரும். என் சொற்படி அவன் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே உள்ளம் நடுங்கியது.

பெட்டிகளை நானே சுமந்து பழைய இடத்தில் அடுக்கினேன். அதன்பின் ஆல்பனிவரை டிரெய்லர் அமைதியாகத் தொடர்ந்தது.

விதியை மட்டும் சொல்லாதீர், காரணத்தையும் விளக்குங்கள் என்று பயிற்சி ஆசிரியர்களுக்குப் பலமுறை கூறியிருக்கிறேன். காரணம் தெரியாத விதியைக் கேட்டறியாமல் மீறியவனும் நானே. கேட்பதற்குத் தடையாக இருந்தது என் வயதன்று. எல்லாம் தெரியும் என்ற எண்ணமே.

திரும்பும் நாளன்று தம்பி அந்தத் தாளை என்னிடம் நீட்டி, “இன்று நீங்கள் பாருங்கள், அண்ணே,” என்றான். ஈரப் புல்லில் மண்டியிட்டு, முதல் சங்கிலியிலிருந்து தொடங்கினேன். அவன் மகள் அருகில் நின்று ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள்.