ஓசையின்றித் தவறும் கருவி

ஒரு கருவியின் மீது மனிதர் வைக்கும் நம்பிக்கை, அதன் உள்ளமைப்பைப் புரிந்துகொண்டதால் வருவது அரிது. நேற்று ஒழுங்காக ஓடியது, இன்றும் ஓடுகிறது என்ற பழக்கத்தாலேயே அது பெரும்பாலும் வளர்கிறது. 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ், தாம் நின்றிருந்த ஏற்றுமேடையின் கயிற்றை மக்கள் கண்முன்னே வெட்டச் செய்து, மேடை கீழே விழாமல் நிற்பதைக் காட்டினார். ஆனாலும் அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளில் அவற்றை இயக்க ஒரு பணியாளர் நின்றுகொண்டுதான் இருந்தார். பொத்தானை அழுத்தினால் தானே ஓடும் லிஃப்ட் முன்பே வந்துவிட்டது என்றாலும், 1945இல் அந்நகரின் லிஃப்ட் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்து அலுவலகங்களை முடக்கிய பிறகே, கட்டட உரிமையாளர்களுக்கு ஆளில்லா லிஃப்டின் அருமை நன்றாகத் தெரிந்தது. ஆக, நம்பிக்கையை வளர்த்ததில் பொறியியலோடு கூலித் தகராறுக்கும் பங்குண்டு.

தானியங்கிகளை மனிதர் கையாளும் விதத்தை ஆராய்ந்த ராஜா பரசுராமனும் விக்டர் ரைலியும் 1997இல் எழுதிய கட்டுரையில், ஒன்றுக்கொன்று எதிரான இரு கோளாறுகளை வேறுபடுத்திக் காட்டினர். உதவக்கூடிய கருவியை நம்பாமல் ஒதுக்குவது ஒன்று. பொய்யாக அடிக்கடி அலறும் எச்சரிக்கை மணியை எரிச்சலில் அணைத்துவிடுவது இதற்குச் சான்று. கருவியை அளவுக்கு மீறி நம்பித் தம் கண்காணிப்பைத் தளர்த்திவிடுவது மற்றொன்று. முன்னது கண்ணுக்குத் தெரியும் தவறுகளால் விரைவில் உண்டாகிறது. பின்னது எதுவுமே நடக்காத நாட்களில் யாருக்கும் தெரியாமல் சேர்கிறது. கண்ணெதிரே தவறிய கருவியையும் மனிதர் எப்போதும் கைவிட்டுவிடுவதில்லை என்பதுதான் வியப்பு. 2016இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், செயற்கைப் புகை சூழ்ந்த கட்டடத்தில் வழிகாட்டிய ரோபோவை 26 பேரும் பின்தொடர்ந்தனர்; அவர்களில் பாதிப் பேர், அதே ரோபோ சற்றுமுன் வழிகாட்டத் தடுமாறியதை நேரில் கண்டவர்கள்.

மிகை நம்பிக்கையின் மிகத் தெளிவான வரலாறு ‘ராயல் மெஜஸ்டி’ என்ற பயணிகள் கப்பலுடையது. 1995 ஜூன் 9 அன்று நண்பகலில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்ட அக்கப்பலில், ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆண்டெனாவின் கம்பி கழன்றுவிட்டது. செயற்கைக்கோள் குறிப்பை இழந்த கருவி, வேகத்தையும் திசையையும் மட்டும் வைத்துக் கப்பல் இருக்குமிடத்தை ஊகித்துச் சொல்லும் முறைக்குத் தானாக மாறியது. காற்றும் நீரோட்டமும் கப்பலை ஒதுக்கித் தள்ளுவது அந்தக் கணக்கில் சேராது. இந்த மாற்றத்தைக் கருவி நொடிப்பொழுது ஒலித்த ஒரு சிணுங்கலாலும், திரையில் தோன்றிய சில சிறிய எழுத்துகளாலும் மட்டுமே அறிவித்தது. அதனோடு இணைந்த தானியங்கிச் சுக்கானோ அந்த ஊகத்தையே உண்மையான இடமாக எடுத்துக்கொண்டு, கப்பலை ஏறத்தாழ 34 மணி நேரம் செலுத்திக்கொண்டிருந்தது.

அதிகாரிகள் தூங்கிவிடவில்லை. முறைப்படி வரைபடத்தில் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தனர். ஆனால் குறித்தது அதே ஜிபிஎஸ் காட்டிய இடத்தை. சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்த லோரான் என்னும் வானொலிவழிக் கருவியும் அங்கேயே இருந்தது. ஜிபிஎஸ் பழுதானால்தான் அது தேவை என்று கருதியதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ரேடாரில் தெரிந்த ஏதோ ஒன்றை ஓர் அதிகாரி தாம் எதிர்பார்த்த மிதவை என்றே கொண்டார். அடுத்த மிதவையைக் காணாத இன்னொருவர், திரை சொல்வது தவறாக இராது என்ற துணிவில், அதைக் கண்டுவிட்டதாகவே கேப்டனிடம் சொன்னார். முன்னே தண்ணீர் நீலமும் வெண்மையுமாகத் தெரிவதாகக் கடலைக் கண்காணித்த காவலர்கள் அறிவித்தும் பயனில்லை. 10ஆம் தேதி இரவு 10.25க்கு, நான்டக்கெட் தீவுக்கு அருகே, அவர்கள் நினைத்த இடத்திலிருந்து ஏறத்தாழ 17 மைல் மேற்கே கப்பல் தரைதட்டியது. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இருந்தும் எவருக்கும் காயமில்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1997இல் வெளியிட்ட அறிக்கை, தானியங்கி வசதிகளை அதிகாரிகள் அளவுக்கு மீறி நம்பியதை முதற் காரணமாகவும், பயிற்சிக் குறையை அடுத்ததாகவும், கருவியமைப்பின் குறைகளை அதற்கும் அடுத்ததாகவும் எழுதியது. பாராத மிதவையைப் பார்த்ததாகச் சொன்னது ஒருவரின் தனிப்பட்ட குற்றம். அதை மன்னிக்க இடமில்லை. மற்றவர்களின் நம்பிக்கையோ, 1992இல் கடலிறங்கிய அக்கப்பலின் கருவிகளோடு நாள்தோறும் பழகியதில் உருவானது. தனக்கு இடம் தெரியாமற் போனதைச் சில சிறிய எழுத்துகளில் ஒதுக்கிவிட்டு, வழக்கம்போலவே எண்களைக் காட்டிக்கொண்டிருந்த கருவியமைப்பைத்தான் அந்த அறிக்கை முதற் காரணமாக நிறுத்தியிருக்க வேண்டும்.