நமுத்துப் போன சீட்டுக்கட்டு

சீட்டுக்கட்டு என்றாலே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். காசு வைத்து ஆடுவதற்கில்லை, பையன் கைவித்தை பழகத்தான் என்று அம்மாவுக்குப் போனில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

விஷயம் இதுதான். இந்த மே மாதம் கோவையிலிருந்து மும்பைக்கு மாற்றல். முலுண்டில் வாடகை வீடு. ஏழாவது படிக்கும் பையனுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. இரண்டு வாரமாகப் பள்ளிப் பேருந்தில் யாரோடும் பேசவில்லை. அவனிடம் இருந்த ஒரே சரக்கு 'டபுள் லிஃப்ட்'. மேலே உள்ள இரண்டு சீட்டை ஒரே சீட்டு போல எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பாஷை தேவையில்லை. நாளைக்குப் பேருந்தில் செய்து காட்டப்போகிறேன் என்றான்.

அன்று இரவு 52 சீட்டும் இருக்கிறதா என்று நான் எண்ணிப் பார்த்தேன். பதினோரு வருஷம் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்த கை. நோட்டு எண்ணுகிற மாதிரியே விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, கட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். வெளியே நல்ல மழை.

மறுநாள் இரண்டுக்குப் பதில் நான்கு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்ததாம். பையன்கள் சிரித்திருக்கிறார்கள். "நீங்க ஏன்ப்பா தொட்டீங்க?" என்றான். அதற்கப்புறம் சாப்பிடக்கூட வாய் திறக்கவில்லை.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நல்ல சீட்டு என்பது இரண்டு தாளைப் பசை போட்டு ஒட்டியது. மேல்பூச்சு இருந்தாலும் ஈரம் பட்டால் உப்பும், வளையும். பைசைக்கிள் மாதிரிக் கட்டுகளில் சீட்டின் மேல் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. அதில் தங்கும் காற்றினால்தான் சீட்டு வழுக்கி நகர்கிறது. வியர்வையும் அழுக்கும் அதை அடைத்தால் போச்சு. டால்கம் பவுடர் தூவிப் பார்த்தேன். அன்றைக்கு வழுக்கியது, இரண்டே நாளில் திட்டுத்திட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் சீட்டு நமுக்காது. ஆனால் துள்ளுகிறது, பையன் கைக்குப் படியவில்லை.

இப்போது வீட்டில் புதுச் சட்டம். கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, பத்து நிமிஷம் கழித்துத்தான் கட்டைத் தொடலாம். பஜ்ஜி சாப்பிட்ட கைக்கு அனுமதியே இல்லை. பழக ஒரு கட்டு, செய்து காட்ட ஒரு கட்டு. கலைத்துக் கலைத்து வளைந்த சீட்டை எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து நிமிர்த்தி, பெட்டியில் போட்டு, ராத்திரி என் சி.ஏ.ஐ.ஐ.பி. புத்தகங்களுக்கு அடியில் வைக்கிறோம். (பிரமோஷனுக்கு உதவாத புத்தகம் இதற்காவது உதவட்டும்!) செய்து காட்டுகிற கட்டு மட்டும், ஷூ பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில். அது தங்கமணி அப்பளம் வைத்திருந்த டப்பா. அப்பளம் இப்போது நமுத்துக் கிடக்கிறது, அதற்குத் தனியாகத் திட்டு வாங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டுப் பையன் கதவைத் தட்டி, "பத்தே?" என்றான். சீட்டைத்தான் கேட்கிறான். இவன் கை கழுவ ஓடினான். நான் டப்பாவைத் திறந்து மட்டும் கொடுத்தேன். தொடவில்லை.