ஊமலும் நாயின் பல்லும்

பனம்பாத்தி கிண்டுகின்ற நாளில் நெடுந்தீவின் முற்றங்களில் ஒரு பங்கீடு நடைபெறும். கிழங்கு அவியலுக்கும் ஒடியலுக்கும், பூரான் பிள்ளைகளுக்கு, ஊமல் அடுப்புக்கு. இப்பங்கீட்டில் எவரும் பெயர் குறிப்பிடாத இன்னொரு பங்காளி உண்டு. பிளந்துபோட்ட ஊமலொன்றைக் கௌவிக்கொண்டு முருகைக்கல் வேலியின் நிழலுக்கு ஓடி, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பூரானை நாவினால் துழாவியும் ஓட்டினைக் கடித்தும் அரைநாளைக் கழிக்கும் வீட்டுநாயே அப்பங்காளி. உணவை உள்ளே ஒளித்துவைத்து, உழைப்புக்கேற்பச் சிறிது சிறிதாக வழங்கும் நாய் விளையாட்டுப் பொருள்களை மேலைநாடுகளில் இன்று விலைகொடுத்து வாங்குகிறார்கள். தீவகத்து நாய்க்கு அது பனையடியிலேயே கிடைத்துவந்தது.

ஆயினும் இயற்கை தந்ததெல்லாம் பல்லுக்கு இசைவானதன்று. அத்தீவின் ஒரு வீட்டிலே கண்டதெல்லாவற்றையும் கடிக்கும் நாயொன்று வளர்ந்தது. செருப்பு, கடகத்தின் விளிம்பு, கயிற்றுத்துண்டு என எதனையும் அது விட்டுவைப்பதில்லை. பொருள்கள் தப்பட்டுமென்று வீட்டார் ஊமல்களை அதன் முன்னே போட்டுவந்தனர். ஒருநாள் அதன் வலக்கண்ணின் கீழே வீக்கமொன்று தோன்றியது. பூச்சி கடித்திருக்குமென எண்ணி மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். வீக்கம் வற்றிற்று, பின்னர் மீண்டும் எழுந்து உடைந்து சீழ் வடிந்தது. கடல் கொந்தளித்த நாள்கள் கழிந்தபின் நாயைப் படகிலேற்றிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து வாகனம் பிடித்து யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுசென்றனர். கால்நடை வைத்தியர் கண்ணைச் சற்றே பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். மேற்றாடையின் பெரிய பல்லொன்று பக்கவாட்டில் செதிலாகப் பெயர்ந்து, அதன் உட்கூழ் வெளித்தெரிந்தது.

வளர்ந்த நாய்க்குப் பற்கள் நாற்பத்திரண்டு. அவற்றுள் மேற்றாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த்தாடையின் முதலாவது கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல உரசி இறைச்சியை வெட்டுவன. வன்பொருளைக் கடிக்கும்போது முழுச்சுமையும் இவற்றின் மீதே விழுகிறது. நாயின் பற்சிப்பியோ மனிதனுடையதைவிட மெல்லியது. ஆகவே ஊமல், மாட்டெலும்பு, கல் ஆகிய யாவும் ஒரே வகையான கேட்டையே விளைவிக்கின்றன. மேற்பல்லின் வேர் கண்ணுக்குக் கீழே அமைந்திருப்பதனால் நோய் பல்லிலிருந்தும் வீக்கம் முகத்தில் தோன்றுகிறது. மஞ்சள் பூசியவர்களைக் குறைகூறுவதற்கில்லை. பல் நொந்தாலும் நாய் உண்பதை எளிதில் நிறுத்துவதில்லை.

கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்த இன்னொரு நாயிடமிருந்தே இதற்குரிய மாற்றும் பிறந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் பிரிட்ஸ் என்னும் ஜேர்மன் ஷெப்பேர்ட் நாயை வளர்த்தார். வொக்ஸ்வாகன் வாகனமொன்றைத் திருத்துகையில் அவர் கழற்றிப்போட்ட இறப்பர்த் துண்டொன்றை அந்நாய் கற்களைக் கைவிட்டுக் கடிக்கத் தொடங்கியது. அதன் வடிவத்தைத் தழுவி 1976 இல் அவர் தொடங்கிய தொழிலே 'கொங்' எனப்படும் உள்ளீடற்ற இறப்பர்ப் பொருளாயிற்று. இறப்பர் மரக்கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைக்கு வந்துசேர்ந்தது 1876 இல். இடையில் சரியாக ஒரு நூற்றாண்டு. இஃது ஒரு தற்செயலே என்றாலும் சுவையானது.

நகரிலிருந்து பல்லொன்று குறைந்து திரும்பிய அந்நாய்க்கு, ரொறன்ரோவில் வாழும் பேர்த்தி அத்தகைய பொருளொன்றை அனுப்பியிருந்தாள். "உந்த நாய்க்கும் விளையாட்டுச் சாமானோ, பிள்ளை? ஊமல் காணாதோ?" என்று அப்பாச்சி தொலைபேசியில் கேட்டாராம். "ஊமலாலதானே அப்பாச்சி உவ்வளவு செலவும்" என்பது மறுமுனையிலிருந்து வந்த விடை.

தெரிவு செய்வதில் பேர்த்தி கவனமாகவே இருந்தாள். நகத்தை அழுத்தினால் சிறிதேனும் பதியாத பொருள் பல்லை உடைக்கக்கூடியது. எளிதிற் கிழிவதோ குடலை அடைக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே வேண்டும். அந்நிறுவனத்தின் கறுப்பு வகை, வழக்கமான சிவப்பினும் உறுதியானது. வன்மையாகக் கடிக்கும் நாய்களுக்கென்றே செய்யப்படுவது. அளவு சிறிதாயின் தொண்டையில் இறுகும் ஆதலால், ஐயம் எழுமிடத்துப் பெரியதையே கொள்ளுதல் நன்று. துவாரம் ஒன்று மட்டுமே உள்ள பொருளில் காற்று வெளியேறி நாக்கு அகப்பட்டுக்கொள்வதுண்டு. ஆகவே மறுமுனையிலும் சிறு துளை இருத்தல் வேண்டும். பழைய ரயர்த் துண்டும் இறப்பர்தானே என்று கூறுவோர்க்கு, ரயரினுள்ளே கம்பியும் நூலும் உண்டென்பதை நினைவூட்டவேண்டும். தேங்காய் மட்டையின் தும்பும் விழுங்கப்பட்டால் நலம் செய்யாது.

நிரப்புவதற்குக் கடையில் எதுவும் வாங்கவேண்டியதில்லை. முள் நீக்கிய மீனும் குழைந்த சோறும் போதுமானவை. வெங்காயம் சேர்ந்த கறி நாய்க்கு நஞ்சு. சைலிற்றோல் என்னும் இனிப்புச் சேர்ந்த நிலக்கடலை வெண்ணெய் அதனினும் கொடியது. தொடக்கத்தில் தளர்வாக நிரப்பி, நாய் பழகியபின் இறுக்கமாக அடைக்கலாம். எறும்பைப் பற்றி மட்டும் மேலைநாட்டு அறிவுரைகள் போதியளவு பேசுவதில்லை. மீன்சோறு அடைத்த பொருளை முற்றத்தில் ஒருமணி நேரம் விட்டால் அது நாய்க்கு உரியதன்று. அதனால் அவ்வீட்டில் நாய் ஓய்ந்ததும் அதனை எடுத்து வெந்நீரில் கழுவுகிறார்கள். கழுவும்போதே விளிம்பில் துண்டு பெயர்ந்துள்ளதா என்றும் தடவிப் பார்க்கிறார்கள்.

அப்பாச்சி இப்பொழுது ஊமல்களைப் பிளந்தவுடனேயே கடகத்தில் அள்ளிக் குசினிப் பரணில் ஏற்றிவிடுகிறார். நாயோ கறுப்பு இறப்பரைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, இடையிடையே அந்தப் பரணையே அண்ணாந்து பார்க்கிறது.