பூட்டிய தொலைபேசியும் ஒரு பிழைதிருத்தமும்

பத்திரிகைத் தொழிலில் பிழை விடுவது புதிதல்ல. ஒருவரின் பெயரையோ ஊரையோ பிழையாக அச்சிட்டுவிட்டால் மறுநாள் உட்பக்கத்தின் மூலையில் 'திருத்தம்' என்று தலைப்பிட்டு நான்கு வரி போடுவோம். நாற்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியபீடங்களில் கழித்தவன் என்ற வகையில் அத்தகைய திருத்தங்கள் பலவற்றை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அச்சில் வராத, என் வாயால் சொன்ன பிழை ஒன்றுக்கு இன்னும் திருத்தம் எழுதவில்லை. அந்தப் பிழை ஒரு கைத்தொலைபேசியின் மின்கலத்தைப் பற்றியது. அற்ப விடயம்தானே என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அத்தான் காலமான பின்னர் என் அக்கா பருத்தித்துறைக்கு அண்மையில் உள்ள எங்கள் பழைய வீட்டில் தனியாக வசிக்கிறார். மகள் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில். நான் கொழும்பில். 2021 டிசம்பரில் மருமகள் ஊருக்கு வந்தபோது தாய்க்கென்று புத்தம்புதிய திறன்பேசி ஒன்றைக் கொண்டுவந்தாள். பெட்டி கூடப் பிரிக்கப்படவில்லை. பேரப்பிள்ளையின் முகத்தை அக்கா தினமும் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அக்காவின் சிம் அட்டையைப் புதிய கருவியில் செருகினோம். 'இந்தச் சிம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை' என்ற கருத்தில் ஒரு வாசகம் திரையில் வந்து நின்றது. என்னுடைய சிம்மைப் போட்டோம். அயல்வீட்டுத் தம்பியின், வேறொரு கொம்பனியின் சிம்மையும் போட்டோம். அதே வாசகம்தான். கருவியில் பழுது எதுவும் இல்லை. அது பூட்டப்பட்டிருந்தது.

அமெரிக்காவில் முற்கொடுப்பனவுச் சேவை நடத்தும் கொம்பனிகள் கருவியை மலிவாகக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் கட்டும் பணத்தில் அந்தக் குறைவை ஈடுசெய்கின்றன. வாங்கியவர் வேறு கொம்பனிக்குப் போய்விடாதிருக்க, தமது சிம்மைத் தவிர வேறொன்றையும் ஏற்காதவாறு மென்பொருளால் பூட்டுப் போட்டுவிடுகின்றன. குறிப்பிட்ட மாதங்கள் தமது வலையமைப்பில் பணம் கட்டிப் பாவித்த பின்னரே பூட்டைத் திறப்பார்கள். மருமகள் வாங்கியதோ ஒரு நாளும் பாவிக்கப்படாதது. கொம்பனியுடன் அவள் கதைத்துப் பார்த்தாள். மறுமுனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, விதி அதுதான் என்றார்.

இந்த விடயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் கைத்தொலைபேசிகளைப் பூட்டின்றியே விற்கவேண்டும் என்பது ஒழுங்குவிதி. அமெரிக்காவில் 2014இல் வந்த சட்டம், தன் தொலைபேசியைத் திறந்துகொள்வது உரிமையாளருக்குக் குற்றமாகாது என்றதே தவிர, பூட்டியே விற்கக்கூடாது என்று கொம்பனிகளைத் தடுக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து வரும் அன்பளிப்புக்கும் நியூ ஜேர்சியில் இருந்து வரும் அன்பளிப்புக்கும் இடையில் இப்படியொரு வித்தியாசம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

கொழும்புக்குத் திரும்பும்போது கருவியைக் கையோடு கொண்டுவந்து வெள்ளவத்தையில் ஒரு கடையில் காட்டினேன். கடைப் பையன் நேர்மையானவன். "ஐயா, சில மொடல் திறக்கும். ஆனால் அடுத்த அப்டேற் வந்தால் திரும்பப் பூட்டுப்படலாம். நான் பொறுப்பெடுக்க மாட்டன்" என்றான். காசைக் கொடுத்துக் கவலையை வாங்குவானேன் என்று திரும்பிவிட்டேன்.

வெளிநாட்டில் இருந்து பெற்றோருக்குத் தொலைபேசி அனுப்ப எண்ணும் அன்பர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கடையில் விலையைக் கேட்பதற்கு முன் பூட்டில்லாததா என்று கேளுங்கள். ஊரில் உள்ள வலையமைப்பின் அலைவரிசைகளை அந்த மொடல் ஏற்குமா என்று பாருங்கள். அத்துடன், பதிவு செய்யப்படாத அடையாள எண் கொண்ட புதிய கருவிகள் 2025 சனவரி பிற்பகுதியில் இருந்து இலங்கை வலையமைப்புகளில் இயங்காது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு அறிவித்திருந்தது. எனவே *#06# என்று அழுத்தினால் வரும் பதினைந்து இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, அனுப்பும் முன் விசாரித்துவிடுவது நல்லது.

இறுதியில் மருமகளே வழி கண்டாள். புதியதைத் தன்னுடன் திருப்பி எடுத்துக்கொண்டு, நான்கு வருடமாகத் தான் பாவித்த, பூட்டுத் திறக்கப்பட்ட பழைய தொலைபேசியைத் தாயிடம் கொடுத்தாள். அக்காவின் சிம் உடனே வேலை செய்தது. அழைப்பு எடுக்கமுடிந்தது, இணையம் மட்டும் வரவில்லை. அமெரிக்கக் கொம்பனியின் ஏ.பி.என். பெயர் கருவிக்குள் கிடந்ததுதான் காரணம். அதை அழித்து, நம்மூர்க் கொம்பனியின் பெயரை எழுதியதும் வட்ஸ்அப் உயிர்பெற்றது. கொம்பனியை மாற்றுகிறவர்கள் பலர் இந்த ஒரு வரியை அறியாமல் கருவியையே குறைசொல்வதைக் கண்டிருக்கிறேன்.

விமான நிலையத்தில் மருமகள் என்னிடம் சொல்லிச் சென்றது இதுதான்: "மாமா, அதின்ர பற்றரி பழசு. அம்மாவைக் கவனமாப் பாவிக்கச் சொல்லுங்கோ."

நான் அக்காவுக்குத் தொலைபேசியில் வகுப்பெடுத்தேன். "அக்கா, பற்றரி முழுக்க இறங்கி, அதுவாக நின்ற பிறகுதான் சார்ஜ் போடுங்கள். போட்டால் நூறு வரும்வரை கழற்றாதீர்கள். இடையிடையே போட்டால் பற்றரி பழுதாகிவிடும்." ஆசிரிய தலையங்கம் எழுதும் தொனியில் சொன்னேன். அக்காவும் கேட்டுக்கொண்டார்.

அந்த அறிவு எனக்கு எங்கிருந்து வந்தது? 2000இல் சந்தைக்கு வந்த நோக்கியா 3310 என் கையில் பல வருடம் இருந்தது. அதனுடன் வந்தது நிக்கல் வகை மின்கலம். அதற்கும் முந்திய நிக்கல் கட்மியம் மின்கலங்களுக்கு 'ஞாபகம்' உண்டு என்பார்கள். பாதி இறங்கிய நிலையில் திரும்பத் திரும்ப ஏற்றினால், அந்தப் பாதியையே தன் எல்லையாகப் பழகிக்கொள்ளுமாம். ஆகவே முழுவதும் இறக்கி ஏற்றவேண்டும் என்பது அக்காலத்து விதி. விதி சொல்லப்பட்ட பொருள் எப்போதோ மாறிவிட்டது. நான் விதியை மட்டும் வைத்திருந்தேன்.

2022 எப்படிப்பட்ட வருடம் என்பதை இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, கரண்ட் இல்லை. மார்ச் மாத முடிவில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போயிற்று. மின்சாரம் நின்றால் சற்று நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களும் சோர்ந்துவிடும். சமிக்ஞை பலவீனமான இடத்தில் தொலைபேசி கோபுரத்தைத் தேடிக்கொண்டும், உரத்த குரலில் கூப்பிடுபவனைப் போலக் கூடுதல் வலுவுடன் ஒலிபரப்பிக்கொண்டும் இருப்பதால் மின்கலம் வழமையைவிட விரைவாக இறங்கும். அப்போது இது எனக்குத் தெரியாது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை. அக்காவின் வீட்டில் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை கரண்ட் இருந்தது. தொலைபேசியில் 18 வீதம் மிச்சம். இன்னும் முழுதாக இறங்கவில்லையே என்று அக்கா மின்னேற்றியில் போடவில்லை. ஆறு மணிக்குக் கரண்ட் நின்றது. எட்டு மணிக்கு முன் தொலைபேசியும் நின்றது. ஒன்பது மணியளவில் குசினியில் இருந்து கிணற்றடிக்கு இறங்கும் படியில், இருட்டில், அக்கா கால் இடறி விழுந்தார்.

வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. இடுப்பிலும் பலத்த அடி. மெல்ல மெல்ல அரக்கிக் குசினி வாசல்வரை வந்தவரால் அதற்குமேல் எழமுடியவில்லை. கூப்பிட்ட குரல் அயலவருக்குக் கேட்கவில்லை. மருமகள் அங்கிருந்து அழைத்துக்கொண்டே இருந்தாள். 'தொடர்பு கொள்ள முடியவில்லை' என்றே வந்தது. அவள் எனக்கு எடுத்தாள். கரண்ட் இல்லாததால் கோபுரம் நின்றிருக்கும், காலையில் சரியாகிவிடும் என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு நான் நித்திரைக்குப் போனேன். விடியப்புறம் பூப்பறிக்க வந்த அயல்வீட்டுப் பிள்ளைதான் அக்காவைக் கண்டது.

பெற்றோல் இல்லாத நாட்களில் கொழும்பில் இருந்து பருத்தித்துறை போய்ச் சேர எனக்கு இரண்டு நாட்கள் எடுத்தன. கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் இருந்த அக்காவிடம், ஏன் தொலைபேசியைச் சார்ஜ் போட்டு வைக்கவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"நீதானே தம்பி, முழுக்க இறங்கினாப் பிறகு போடச் சொன்னனீ" என்றார் அக்கா. குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

அதன் பின்னரே நான் படிக்கத் தொடங்கினேன். இன்றைய தொலைபேசிகளில் இருப்பது லிதியம் அயன் மின்கலம். 1991இல் சோனி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019இல் அதன் ஆக்கத்துக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த மின்கலத்துக்கு அந்தப் பழைய 'ஞாபகம்' கிடையாது. இடையிடையே ஏற்றுவது அதற்குப் பழுதல்ல, நன்மையே. அடியோடு இறங்குவதும், நூறிலேயே நெடுநேரம் நிற்பதும்தான் அதை வருத்துகின்றன. 20 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்டகாலம் உழைக்கும். பாதிப் பாதியாக இருமுறை ஏற்றினாலும் கணக்கில் அது ஒரு சுற்றுத்தான். ஐபோன் 14 வரையிலான தன் கருவிகளின் மின்கலங்கள் 500 முழுச் சுற்றுகளின் பின்னரும் 80 வீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி ஆக்கப்பட்டவை என்கிறது ஆப்பிள். ஐபோன் 15 முதல் 1000 சுற்றுகள்.

எல்லாவற்றிலும் பெரிய எதிரி வெப்பம். இதை வாசித்தபோது எனக்கு 1990களின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். செத்துப்போன ரோர்ச் பற்றரிகளை முற்றத்து வெயிலில் அடுக்கிக் காயவைத்தோம். சூட்டில் அவற்றின் உள்ளே இரசாயனத் தாக்கம் சற்றே விரைவுபட, இன்னுமொரு செய்தியறிக்கை கேட்கும் அளவுக்கு உயிர் திரும்பும். அந்தப் பழக்கத்தில் அக்கா தொலைபேசியையும் யன்னல் ஓரத்து வெயிலில் வைத்து வந்திருக்கிறார்! லிதியம் மின்கலத்தில் வெயிற்சூடு வேண்டாத தாக்கங்களையே விரைவுபடுத்தி அதன் ஆயுளை அரித்துவிடும். அன்று எங்களைக் காப்பாற்றிய அறிவு இன்று பழைய பற்றரியைக் கொன்றுகொண்டிருந்தது.

இப்போது அக்காவின் ஏற்பாடு வேறு. பழைய மின்கலத்தைத் தகுந்த இடத்தில் மாற்றிவிட்டோம். (மின்கலம் ஊதி, பின்மூடி எழும்பியிருந்தால் பாவிப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும், அழுத்தவோ குத்தவோ கூடாது.) கரண்ட் இருக்கும் நேரத்தில் எத்தனை வீதமானாலும் போட்டுவிடுகிறார். தலையணைக்குக் கீழே வைப்பதில்லை. மின்வெட்டு அறிவிக்கப்பட்டால் நூறு வரை ஏற்றிக்கொள்கிறார். மின்கலத்தின் ஆயுளைவிட மனித ஆயுள் பெரிது. இணையமும் வட்ஸ்அப்பும் தேவையில்லாத இரவுகளில் தரவை நிறுத்திவைக்கிறார்.

இன்னுமொன்றும் செய்தோம். பொத்தான் வைத்த சிறிய தொலைபேசி ஒன்றை வாங்கி, வேறொரு கொம்பனியின் முற்கொடுப்பனவுச் சிம்மைப் போட்டுக் கட்டிலருகே வைத்திருக்கிறோம். ஒரு கொம்பனியின் கோபுரம் நின்றாலும் மற்றதன் கோபுரம் நிற்காதிருக்கலாம். அந்தத் தொலைபேசி ஒரு தடவை ஏற்றினால் நாட்கணக்கில் தாங்கும். நெடுநாள் பாவிக்காத சிம் காலாவதியாகிவிடும் என்பதால் மாதத்தில் ஒருமுறை சிறு தொகை ரீலோட் செய்துவிடுகிறேன். அயல்வீட்டு எண்ணை அக்கா மனனம் செய்திருக்கிறார்.

பத்திரிகைகளில் திருத்தம் போடும்போது 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று பன்மையில் எழுதிப் பொறுப்பை எல்லோருக்கும் பகிர்ந்துவிடுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்வதற்கில்லை. என் சொல்லை நம்பியவர் என் அக்கா. அவருடைய மணிக்கட்டு இன்றும் குளிர்நாட்களில் வலிக்கிறது. இதே ஆலோசனையை நான் வேறு எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பது நினைவில் இல்லை. அவர்களில் எவரேனும் இதை வாசித்தால், தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

நேற்று மாலையும் அக்கா எடுத்தார். விசேடமாக ஒன்றும் இல்லை. "தம்பி, அம்பது வீதம் கிடக்குது, சார்ஜ் போட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.