டொக்டர் பாவிச்ச கார்

சுன்னாகம் வழக்கு என்றதும் கேட்பவர்கள் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கைத்தான் நினைப்பார்கள். அது 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெரிய வழக்கு. அதில் எனக்குப் பங்கில்லை. நான் சொல்ல வந்தது மல்லாகம் மாவட்ட நீதிமன்றத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடிந்துபோன ஒன்று. சட்ட அறிக்கைகள் எதிலும் அது ஏறாது.

கட்சிக்காரி ஒரு தாதி. இரவு முறை வேலை, வீட்டில் வயதான தாய், அதுவரை ஒரு சைக்கிளும் ஒரு ஸ்கூட்டியும்தான் குடும்பத்தின் வாகனங்கள். 2021 டிசம்பரில் 38 லட்சம் கொடுத்து 2008 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்றை வாங்கினார். பதின்மூன்று வயதுக் காருக்கு 38 லட்சமா என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறின, ஒவ்வொரு கைக்கும் விலை ஏறியது. முதல் வாகனம் வாங்க நினைத்தவனுக்கு அதிகம் ஓடிய பழைய காரை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. தாயின் நகை அடகுக்குப் போனது. மிச்சத்தை சுவிசில் இருக்கும் தமையன் அனுப்பினார்.

விற்றவர் சுன்னாகத்துக்குக் கிட்ட வீதியோரத்தில் கொட்டகை போட்டு வாகன வியாபாரம் செய்பவர். அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய தகவல் கோவையின் முதல் ஆவணம்: "விட்ஸ் 2008. 68,000 கிலோமீற்றர். ஒறிஜினல் மைலேஜ். டொக்டர் பாவிச்சது."

கட்சிக்காரி என்னிடம் வந்தது ஏழு மாதம் கழித்து, 2022 ஜூலைக் கடைசியில். வந்த காரணம் மைலேஜ் இல்லை, பெற்றோல். அப்போது கியூஆர் முறை வந்திருந்தது: காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. வாகன இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டுப் பதிய வேண்டும். இவர் பதியப் போனால், அந்த வாகனம் ஏற்கெனவே பதியப்பட்டுவிட்டதாகக் காட்டுகிறது. யாரோ ஒருவர் இவருடைய காரின் பெயரில் கிழமைக்கு 20 லீற்றர் அடித்துக்கொண்டிருந்தார்.

"புத்தகம் உங்கட பேரிலயோ?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். ஓப்பின் பேப்பரிலதான் தந்தவர். பிறகு மாத்தலாம் எண்டு சொன்னவர்."

ஓப்பின் பேப்பர் என்றால் என்ன என்று இலங்கை வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் பெயர் வெறுமையாகவே இருக்கும். அந்தத் தாளோடு கார் நாலைந்து பேர் கைமாறும்; ஒருவரும் தன் பெயருக்கு மாற்றமாட்டார், மாற்றினால் செலவு. கைமாறினால் ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அப்படியென்றால் பதிவு உரிமையாளரைத் தேடுவதுதான் வழி. புத்தகத்தில் குருநாகல் பக்கத்து விலாசம் ஒன்று இருந்தது. ஒரு கடிதம் எழுதினோம். பத்து நாளைக்குள் தொலைபேசி வந்தது. ஓய்வு பெற்ற ஒரு பாடசாலை ஆசிரியர். எடுத்த எடுப்பில் கோபம். 2019 இல் விற்ற காருக்கு இன்னும் தனக்குத்தான் பொலிஸ் தண்டச் சீட்டு வருகிறது என்றார். அவரை ஆற்றிவிட்டு, பேச்சுவாக்கில், விற்கும்போது கார் எவ்வளவு ஓடியிருந்தது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம். சேர்விஸ் புத்தகம் தன்னிடம்தான் இருக்கிறது, வாங்கியவன் கேட்கவில்லை என்றார்.

அவர் டொக்டரும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஆட்கள் ஓடிய காருக்குப் பயப்படுகிறவர்கள் இல்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் இந்தக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ40 உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையைக் கக்கிக்கொண்டு கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தார்கள். அந்தக் கார்களின் மீற்றர் எப்போதோ நின்றுபோயிருக்கும், யாரும் அதைப் பார்த்ததும் இல்லை. இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடிய விட்ஸ் என்றே சொல்லி விற்றிருந்தாலும் வாங்க ஆள் இருந்திருக்கும். விலைதான் வேறாக இருந்திருக்கும்.

கராஜில் காட்டினோம். மெக்கானிக் மீற்றரைப் பார்க்கவேயில்லை, குனிந்து பிறேக் பெடலைப் பார்த்தார். "அறுபத்தெட்டில பெடல் ரப்பர் இப்பிடி மொட்டையாகாது சேர்," என்றார். சாரதி ஆசனத்தின் கதவுப் பக்க விளிம்பு அமிழ்ந்திருந்தது, ஸ்ரியறிங் வழுவழுத்திருந்தது. ஆனால் இயந்திரம் நல்லது என்றார். சங்கிலியில் ஓடும் இயந்திரம், எண்ணெயை நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கியர்பெட்டி எண்ணெய்தான் கறுத்துப்போயிருந்தது. கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். பதின்மூன்று வருடத்தில் 68,000 என்றால் வருடத்துக்கு ஐயாயிரத்துச் சொச்சம். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த கார் என்று நம்பினால்தான் அது சரிவரும். அந்தக் கணக்கை வாங்க முதல் யாரும் போடுவதில்லை.

"பொலிசில ஒரு என்ட்ரி போடுவமோ சேர்?" என்று கேட்டார் கட்சிக்காரி.

வேண்டாம் என்றேன். மோசடிக் குற்றத்துக்கு எதிராளியின் நேர்மையீனத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். மீற்றரைத் திருப்பியது யார்? குருநாகலிலிருந்து சுன்னாகம் வரும்வரை அந்தக் கார் எத்தனை கொட்டகையில் நின்றதோ. டிஜிற்றல் மீற்றரை மாற்ற ஒரு மடிக்கணினி போதும். செய்தவன் கைரேகை விடமாட்டான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாமா என்றால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் முறைப்பாட்டுக்கு மூன்று மாத எல்லை. அது போய்விட்டது. மிஞ்சியது சிவில் வழக்கு.

சிவில் வழக்கிலும் எந்தக் கதவால் நுழைவது என்பதுதான் கேள்வி. சுன்னாகத்தில் ஒரு காணி விற்றால் அந்த விற்பனை ஒப்பந்தத்துக்கு உரோமன் டச்சுச் சட்டம். அதே வளவில் நிற்கும் காரை விற்றால் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அது 1893 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றி எழுதியது. அதனால் லண்டன் தீர்ப்புகளுக்கு மல்லாகத்திலும் காது கொடுப்பார்கள். பொருளின் தரம் பற்றிய பிரிவால் நுழைந்தால் தோற்போம் என்று எனக்குத் தெரிந்தது. 1965 இல் பார்ட்லெட் என்பவர் பழைய ஜாகுவார் ஒன்றின் கிளச்சுக்காக வழக்காடித் தோற்றார். பழைய கார் வாங்குகிறவர் இன்றோ நாளையோ ஏதாவது பழுது வரும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். எங்கள் கார் ஓடிக்கொண்டல்லவா இருக்கிறது?

அதே 1965 இல் அதே நீதிமன்றத்தில் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது, டிக் பென்ற்லி வழக்கு. இங்கிலாந்தில் ஒரு வியாபாரி 1,850 பவுணுக்கு ஒரு பென்ற்லி காரை விற்றார். புது இயந்திரம் போட்ட பிறகு 20,000 மைல்தான் ஓடியது என்றார். உண்மையில் ஓடியது கிட்டத்தட்ட ஒரு லட்சம். அந்தக் கார் முன்பு ஒரு ஜேர்மன் பிரபுவினுடையது என்றும் சொன்னாராம். எங்கள் ஊரில் டொக்டர், அங்கே பிரபு; வியாபாரம் எங்கும் ஒன்றுதான். நீதிமன்றம் அந்த மைல் கணக்கை ஒப்பந்தத்தின் உத்தரவாதமாகவே எடுத்து, 400 பவுண் நட்டஈட்டை உறுதிசெய்தது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எதைக் கொண்டுவருவார் என்பதும் தெரியும்: 1957 இல் வெளியான ஒஸ்கார் செஸ் வழக்கு. வில்லியம்ஸ் என்ற சாதாரண ஆள் தன் மொறிஸ் காரைப் புத்தகத்தில் உள்ளபடி 1948 ஆம் ஆண்டினது என்று சொல்லிக் கொடுத்தார். அது 1939 ஆம் ஆண்டினது. அவர் பொறுப்பில்லை என்று தீர்ந்தது. இந்த மூன்றிலும் முன்னின்று தீர்ப்புச் சொன்னவர் டெனிங் ஒருவரே. அவர் பார்த்தது எளிது: உண்மையை அறியக்கூடிய இடத்தில் இருந்தது யார்? வில்லியம்ஸ் தானும் புத்தகத்தை நம்பிய தனி ஆள், அவரிடம் வாங்கியவரோ வியாபாரி. பென்ற்லியில் சொன்னவரே வியாபாரி. எங்கள் வழக்கிலும் அப்படித்தான். மீற்றரை யார் திருப்பினார் என்று நாங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. "ஒறிஜினல்" என்று சொன்னது யார் என்பது போதும். அது வட்ஸ்அப்பில் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தால் அதைச் சான்றாக வைக்கவும் வழி இருக்கிறது.

காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்குவதா, வைத்துக்கொண்டு வித்தியாசத்தைக் கேட்பதா என்று கேட்டேன். "காரைக் குடுத்தா இரவில நான் எப்பிடி வேலைக்குப் போறது?" என்றார். சரியான பதில். அந்தக் காசுக்கு அன்றைய சந்தையில் அதைவிட நல்ல கார் கிடைத்திராது. விலை வித்தியாசமாக ஆறு லட்சம் கேட்டு வழக்கு வைத்தோம்.

எதிராளியின் மறுமொழி எதிர்பார்த்ததுதான். மீற்றரில் இருந்ததைச் சொன்னேன்; வழக்காளி ஓடிப் பார்த்துத்தான் வாங்கினார்; ஆளையும் கூட்டிவந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார்: "மீற்றரை நீங்களே பாத்தனீங்கள்தானே?"

"ஓம், பாத்தனான். அது சரியோ எண்டும் அவரிட்டக் கேட்டனான்."

நான் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை அது. அவர் கேட்டிருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு எழுதினார்.

அடுத்த தவணைக்கு ஆசிரியர் குருநாகலிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். பொலித்தீன் பைக்குள் சேர்விஸ் புத்தகம், கூடவே ஒரு கட்டுத் தண்டச் சீட்டு. நீதிமன்ற விறாந்தையில் எதிராளி யார் என்று கேட்டு, நேரே அவரிடம் போய் அந்தக் கட்டை நீட்டினார். சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள், கூடுதலாகப் பேசியது ஆசிரியர்தான். வழக்குக் கூப்பிட முதலே எதிர்த்தரப்புச் சட்டத்தரணி என்னிடம் வந்து, "ஒருக்கா கதைப்பமோ?" என்றார்.

நாலரை லட்சத்தில் இணங்கினோம், மூன்று தவணையில். ஆறு லட்சத்துக்கு நின்று வாதாடியிருக்கலாம், வென்றும் இருக்கலாம். ஆனால் மேன்முறையீட்டோடு சேர்த்தால் அந்தக் கார் இரும்புக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். உரிமை மாற்றத்தை எதிராளி தன் செலவில் செய்து தரவேண்டும் என்பதையும் இணக்கத்தில் எழுதுவித்தோம். அதை விடாப்பிடியாகக் கேட்டது என் கட்சிக்காரி இல்லை, ஆசிரியர். அவர் வழக்கில் ஒரு தரப்புக்கூட இல்லை. நீதிபதி சிரித்துக்கொண்டே பதிவுசெய்தார்.

முதல் தவணைக் காசில் கியர்பெட்டி எண்ணெயும் நாலு ரயரும் மாற்றினார்கள். கார் இன்னும் ஓடுகிறது.

அந்த வியாபாரியும் வியாபாரத்தை விடவில்லை. அண்மையில் வேறொருவர் காட்டிய அவருடைய பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது: மீற்றர் கணக்குக்கு நாம் பொறுப்பல்ல. அந்த வரி நிற்குமா என்று கேட்டார் வந்தவர். நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வாயால் "ஒறிஜினல்" என்று சொல்லிவிட்டு அடியில் பொடி எழுத்தில் மறுத்தால் அந்தப் பொடி எழுத்து நிற்காது என்பது என் அபிப்பிராயம். ஆனால் வந்தவருடைய கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, மைலேஜும் சரி. வழக்கு ஒன்றும் இல்லை, ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.