சரித்திர நாவலில் சட்டம் எங்கே?

மணவிலக்கு கேட்ட பெண்களைச் சரித்திர நாவலாக்குகிறவர்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கொடுமைக்காரக் கணவன், கண்ணீர், கடைசியில் துணிச்சல். சட்டத்தைக் காணோம். மட்டாஞ்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் மனைவி நீதிமன்றத்தில் மணவிலக்கு கேட்க வழிசெய்த 1939ஆம் ஆண்டுச் சட்டம் அன்று பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. ஃபோர்ட் கொச்சி பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது. நடந்துபோகும் தூரத்து மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானத்தில். விடுபட வேறு வழியில்லாமல் வட இந்தியப் பெண்கள் சிலர் மதமே மாறியதும் அந்தச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்று. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

“நாவல் என்ன சட்டப் புத்தகமா?” என்பார்கள். இல்லைதான். ஆனால் அவளுக்குத் திறந்திருந்த வழி எது, அடைபட்டது எது என்று தெரியாமல் அவள் துணிச்சலை எதைக்கொண்டு அளப்பது? காலம் போகப்போக எல்லாம் சீராகிவிட்டது என்று முடிப்பதும் (பலருக்குப் பிடித்த முடிவு இது) பொய். 1939 சட்டத்தின்படி அல்லாமல் மனைவியின் விருப்பத்தில் மணம் முறியாது என்று 1972இல் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். நீதிமன்றத்துக்கு வெளியே குலா (மனைவியே கேட்டுப் பெறும் மணவிலக்கு) போன்ற வழிகளும் அவளுக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் அதை மாற்ற 2021 வரை ஆயிற்று.