குளம் திறந்துதான் இருந்தது

2006ஆம் ஆண்டு எங்கள் சேரிக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தபால் வந்தது. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். ஊர் எல்லையில் உள்ள டீக்கடையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்பாதான் போய் வாங்கி வந்தார். "எவ்வளவுடா பணம் கட்டின?" என்று கேட்டார். "ஒண்ணும் கட்டலப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. எங்களுக்கு யாரும் எதையும் சும்மா அனுப்பியதில்லை.

உறைக்குள் இருந்தது உபுண்டு 6.06 சிடி.

அப்போது நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா மகன், ரிச்சி தெருவில் பழைய பாகங்களாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுத்திருந்தான். 256 எம்.பி. ராம். அதில் போட விண்டோஸ் சிடி கேட்டுக் கல்லூரி லேபுக்குப் போனேன். மற்ற மாணவர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் லேப் பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவனுக்குச் சொந்தமா கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார். அன்று மாலையே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகவரி கொடுத்தால் உபுண்டு சிடியை இலவசமாக அனுப்பும் தளத்தில் எங்கள் முகவரியைப் பதிவு செய்தேன். காலனிப் பெயரையும் சேர்த்துத்தான் எழுதினேன். சில வாரங்களில் வந்துவிட்டது.

மண் நிறத்தில் ஒரு திரை. உள்ளே நுழையும்போது ஒரு மேளச் சத்தம். 'உபுண்டு' என்பது தென்னாப்பிரிக்க மக்களின் சொல். பிறரோடு சேர்ந்துதான் ஒருவர் மனிதராகிறார் என்பது அதன் பொருள். நிறவெறி ஆட்சி முடிந்து பத்து ஆண்டுகள் ஆனபோது, 2004 அக்டோபரில், அந்தப் பெயரில் முதல் பதிப்பு வெளிவந்தது. தொடங்கியவர் மார்க் ஷட்டில்வொர்த் என்ற தென்னாப்பிரிக்கப் பணக்காரர், வெள்ளையர். ஆனால் அடித்தளம் அவருடையது அல்ல. 1993இல் இயன் முர்டாக் தொடங்கி, பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டிய டெபியன் மீதுதான் உபுண்டு நிற்கிறது.

இதில் என்னை ஈர்த்தது இலவசம் மட்டுமல்ல. மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருந்தது. படிக்கக் கூடாது, தொடக் கூடாது என்று விலக்கப்பட்ட பரம்பரையில் வந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிரல் எழுதுகிறவர்கள் இணையத்தில் புனைபெயரில்தான் பேசிக்கொண்டார்கள். யாரும் என் சாதியைக் கேட்கவில்லை. இதுதான் நம் இடம் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு லினக்ஸ் சந்திப்புக்கு நேரில் போனேன். அங்கேயும் யாரும் சாதி கேட்கவில்லை. எந்தக் காலேஜ் என்று கேட்டார்கள். சொந்த ஊர் எது என்றார்கள். அப்பா என்ன செய்கிறார் என்றார்கள். மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. உபுண்டுவைப் பயன்படுத்துவதை நிறுத்தவில்லை. ஆனால் அதை உருவாக்குகிறவர்களில் ஒருவனாக ஆகும் எண்ணத்தை அத்தோடு விட்டுவிட்டேன்.

அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

உபுண்டு வளர்ந்தது. 2011இல் இலவச சிடி அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு முகப்பை அடியோடு மாற்றி யூனிட்டி என்ற புதிய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். 2012இல் வந்த 12.10 பதிப்பில், நம் கணினியில் எதையாவது தேடினால் அமேசான் கடைச் சரக்கும் சேர்ந்து வந்து நின்றது. பயனர்கள் கொதித்தார்கள். பல ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகு, 16.04 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டது. 2017இல் யூனிட்டியையும் கைவிட்டு மீண்டும் க்னோமுக்கே திரும்பினார்கள். உபுண்டுவின் பின்னால் இருப்பது கனோனிக்கல் என்ற நிறுவனம். நிரல் எல்லோருக்கும் சொந்தம். முடிவு எடுக்கும் நாற்காலி எல்லோருக்கும் சொந்தமில்லை.

அதே 2017இல் இன்னொன்றும் நடந்தது. 17.10 பதிப்போடு 32 பிட் கணினிகளுக்கான உபுண்டு டெஸ்க்டாப் நிறுவல் கோப்பை நிறுத்தினார்கள். அது பெரிய செய்தியாகவில்லை. எங்களுக்கு அதுதான் பெரிய செய்தி. எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் இருந்த நான்கு கணினிகளும், ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட 32 பிட் கணினிகள். அந்த நான்கையும் டெபியனுக்கு மாற்றினோம். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல், 32 பிட் கணினிகளுக்கான நிறுவியும் இல்லை.

பழைய கணினிகளில் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணினிகள் யாரிடம் இருந்தன? நம்மைப் போன்றவர்களிடம்தான் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் எங்கள் பாடசாலையிலிருந்து ஒரு வழுவறிக்கைகூட அனுப்பியதில்லை. நான் அனுப்பியதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசையை நான் மறக்கவில்லை.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மகாடு நினைவுக்கு வருகிறது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சி 1924இல் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் குளம் திறந்துதான் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கைநிறைய அள்ளிக் குடிக்கும்வரை நம்மவர்கள் அதில் குடிக்க முடியவில்லை. குடித்த பிறகும் அடித்தார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு 1937இல்தான் நமக்குச் சாதகமாக முடிந்தது.

அண்ணல் தனியாகப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் தனியாகப் போனேன். அதனால் மூன்று கேள்வியிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

சேர்ந்து போனவர்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் சுதர்ஷன் லேஅவுட் குடிசைப்பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அங்குள்ள மக்களும் சேர்ந்து அம்பேத்கர் பெயரிலேயே ஒரு சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். நன்கொடையாக வந்த கணினிகள், அவற்றில் லினக்ஸ். அந்தப் பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரைந்தார்கள். மேட்டுக்குடிக் கல்லூரிக்குள் நுழைய அனுமதி கேட்டு அவர்கள் நிற்கவில்லை. தங்கள் தெருவிலேயே மையத்தை வைத்துக்கொண்டார்கள்.

மாணவத் தோழர்களே, திறந்த மூலத்தில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால், உரிமத்தில் இல்லை, உண்மைதான் என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில், சம்பளமில்லாமல் செலவிடும் நேரத்தில், யார் யாரை அழைத்துவந்து அறிமுகப்படுத்துகிறார்கள் என்பதில் அது இருக்கிறது. அதற்காக, அது அவர்களுடைய உலகம் என்று ஒதுங்கவும் வேண்டாம். நான் ஒதுங்கிப் பார்த்துவிட்டேன். இழந்தது அவர்கள் அல்ல.

சந்திப்புக்குப் போனால் ஐந்து பேராகப் போங்கள். சாப்பிட ஒன்றாக உட்காருங்கள். உங்கள் பழைய கணினியில் எது வேலை செய்யவில்லையோ அதை எழுதி அனுப்புங்கள். ஒரு மெனுவின் தமிழ்ச் சொல் உங்கள் அம்மாவுக்குப் புரியவில்லை என்றால், அதை மாற்றிக் கொடுங்கள்.

போன வாரம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் மூன்று பேரோடு உட்கார்ந்து, இருபது ஆண்டு தாமதமாக, என் முதல் வழுவறிக்கையை அனுப்பினேன். புனைபெயர் போடவில்லை. என் பெயரையும், அதன் கீழே எங்கள் காலனிப் பெயரையும் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. பிள்ளைகள் தினமும் வந்து கேட்கிறார்கள்.

ஜெய்பீம்.